கொறங்காட்டுக்கு ஏற்ற பயறு எது? வறட்சியில் புல்லோடு நிலைக்கும் பல்லாண்டுத் தீவனப் பயறுகள்

காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து நிற்கும் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மாசி, பங்குனியில் புல் சருகாகும். தீவனத்தின் கச்சாப் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும். சருகு கிடந்தாலும் மாடு அதைக் குறைவாகவே தின்னும். பயறுவகைச் செடியைப் புல்லோடு சேர்ப்பதே இதற்கு மாற்று. அதைப் பெரும்பாலும் முதலாண்டு விளைச்சலையும் புரத அளவையும் பார்த்தே தேர்கிறோம். வறண்ட நிலத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது நிலைத்து நிற்குமா என்பதைத்தான் என இக்கட்டுரை வாதிடுகிறது.

கொழுக்கட்டை சி-4 வகைப் புல். குறைந்த நீரில் அதிக உலர்பொருளை ஆக்கும். அதன் சல்லிவேர்கள் மேல்மண் ஈரத்தை முந்திக்கொண்டு உறிஞ்சும். அந்த ஈரத்தையே நம்பும் சி-3 வகைப் பயறு போட்டியில் தோற்கும். ஆணிவேரை ஆழத்தில் இறக்கும் பல்லாண்டுப் பயறுக்கு அடிமண் ஈரமும் கிடைக்கும். கொறங்காட்டில் தானே முளைக்கும் நரிப்பயறு ஓராண்டுச் செடி. அது விதையாக மண்ணில் காத்திருக்கும். பல்லாண்டுச் செடியோ ஒரு கோடை மழைக்கே அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஆழ்ந்த வேர், மண்ணில் விதையிருப்பு ஆகிய இரண்டும் சேர்ந்ததே நிலைபேறு.

மூன்றாவது பண்பு, சுவை. ஆஸ்திரேலியாவில் ஹட்டன் என்னும் ஆய்வாளர் உருவாக்கி 1960இல் வெளிவந்த சிராட்ரோ, மாடு விரும்பித் தின்னும் கொடி. கடும் மேய்ச்சலில் அது தேய்ந்து மறைகிறது. சங்குப்பூவுக்கும் அதே கதிதான். முயல் மசால் எனப்படும் ஸ்டைலோ வகைப் பயறில் ஸ்டைலோசாந்தஸ் ஸ்கேப்ரா என்னும் இனத்தின் தண்டு முரடானது. புல் பசுமையாக இருக்கும்வரை மாடு அதை அதிகம் நாடுவதில்லை. புல் காய்ந்தபின் தேடிப்போகிறது. சுவைக்குறையைக் குற்றமாகச் சொல்வோர் உண்டு. ஆனால் செடி வேரூன்றி விதைக்க வாய்ப்புத் தருவதே அந்தக் குறைதான். ஹமாட்டா என்னும் மற்றோர் இனம் சில ஆண்டுகளே வாழ்ந்தாலும், மிகுதியாக விதைத்துத் தன்னை ஈடுசெய்துகொள்கிறது.

ஒரே இனத்தை நம்புவதும் ஆபத்து. வட ஆஸ்திரேலியாவில் பரவலாக விதைக்கப்பட்ட, அதே ஸ்டைலோ வகையைச் சேர்ந்த டவுன்ஸ்வில் ஸ்டைலோவை 1970களில் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சை நோய் அழித்தது. அதன் இடத்தை ஸ்கேப்ராவும் ஹமாட்டாவும் பிடித்தன. இவ்விரண்டையும் கலந்து விதைத்தால் நோய்க்கும் வறட்சிக்கும் ஒருசேரக் காப்பு.

மண்ணும் தேர்வைத் திருத்தும். சரளை கலந்த செம்மண்ணில் முயல் மசால் செழிக்கும். மணிச்சத்து குறைந்தாலும் தாங்கும். காரத்தன்மையுள்ள கரிசலுக்கு வேலிமசால் என்னும் மற்றொரு பல்லாண்டுப் பயறு பொருந்தும். ஆனால் வேலிமசாலின் வேர்முடிச்சுக்கு அதற்குரிய ரைசோபியம் வேண்டும். பொதுவான நுண்ணுயிர் உரம் போதாது. இரண்டின் விதைத்தோலும் கடினமானது. முயல் மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் ஊறவைத்தபின் விதைத்தால் முளைப்பு கூடும்.

தேர்வு சரியாக அமைந்தாலும் மேய்ச்சல் முறை அதைக் கெடுக்கக்கூடும். நாற்றுப் பருவத்தில் ஆணிவேர் ஆழம் போயிருக்காது; அப்போது புல்லை ஓங்கவிட்டால் பயறு மடியும். ஆகவே புல்லை அளவாக மேய்த்து, பயறு பூத்துக் காய்க்கும்போது காட்டை அடைத்துவைக்க வேண்டும். மிகை மேய்ச்சலில் புல் அழிந்து முயல் மசால் மட்டும் மிஞ்சினால், மழையில் மேல்மண் அரிக்கும். மண் மெல்ல அமிலமாகும். புல் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம்.

ஆகவே செம்மண் கொறங்காட்டுக்கு முயல் மசாலின் இரு இனங்களும், கரிசலுக்கு வேலிமசாலுமே தகுந்தவை. இவை முதலாண்டில் எடைத்தட்டை நிரப்பாமல் போகலாம். மழை பொய்த்த ஆண்டுக்கு அடுத்த ஐப்பசியில் எவ்வளவு துளிர்த்தன என்பதே இவற்றை எடைபோடும் அளவுகோல்.