தொண்டை அடைப்பானும் வடகிழக்குப் பருவமழையும்: மரக்காணம் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

மரக்காணம் உப்பளங்களில் ஐப்பசி மழையோடு வேலை நின்றுவிடும். பாத்திகளில் வெள்ளம் ஏறும் அதே வாரங்களில் அருகிலுள்ள கழுவெளி நீர்நிலையும் நிரம்புகிறது. சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம் நீரில் மூழ்க, மாடுகளும் எருமைகளும் மேட்டு நிலங்களில் நெருக்கியடித்து நிற்கின்றன. நனைந்த வைக்கோல், குளிர், அரைவயிறு. தொண்டை அடைப்பான் பரவ இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. இந்நோயைத் தடுக்கும் அறிவு தமிழகத்தை எவ்வழியே வந்தடைந்தது, அதில் இக்கரையின் பருவம் எங்கே விடுபட்டது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்சியாளர்களின் கவனமெல்லாம் வெக்கை நோயின் (ரிண்டர்பெஸ்ட்) மீதே இருந்தது. ஹாலன் தலைமையிலான கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871-இல் அளித்த அறிக்கைக்கும் அதுவே அடிப்படை. தொண்டை அடைப்பான் அந்தக் கொள்ளைநோயின் நிழலில் மறைந்து கிடந்தது. 1878-இல் ஜெர்மனியில் பொலிங்கர் இந்நோயை விவரித்தார். அதை உண்டாக்கும் பாக்டீரியா பின்னர் பாஸ்டரின் பெயரால் பாஸ்டுரெல்லா என்று அழைக்கப்பட்டது. 1889-இல் புனேயில் தொடங்கிய பேரரசு பாக்டீரியவியல் ஆய்வகம், 1893-இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவருக்குப் பெயர்ந்தது. ஆல்பிரட் லிங்கார்டு அதன் தலைவர். வெக்கை நோய்க்கான சீரத்தை அடுத்து, இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் தொண்டை அடைப்பானுக்கான தடுப்பு மருந்தும் அங்கே உருவானது.

சென்னை மாகாணத்தில் 1903-இல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறந்தது. 1932-இல் இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் அமைந்தது. இன்றைய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதுதான். மரக்காணம் அடங்கிய தென்னாற்காட்டுக் கடற்கரைக்கு ஒருநாள் பயணத் தொலைவிலேயே தடுப்பூசி தயாரானது. மாகாணத்தின் கால்நடை வரலாற்றில் இதற்கு நிகரான திருப்பம் வேறில்லை என்பது என் கருத்து.

பின் ஏன் நோய் ஒழியவில்லை? வெக்கை நோயோடு ஒப்பிட்டால் விடை தெளியும். இந்தியாவின் கடைசி வெக்கை நோய்ப் பரவல் 1995-இல் வடஆற்காட்டுப் பகுதியில் பதிவானது. 2011-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டது. பிழைத்த மாடு அந்த வைரசைச் சுமந்து திரிவதில்லை. ஒருமுறை போட்ட ஊசியின் காப்பு நெடுங்காலம் நின்றது. பாஸ்டுரெல்லாவோ நலமாகத் தோன்றும் மாட்டின் தொண்டைச் சதையிலேயே ஒளிந்திருக்கும். மழையும் பசியும் உடலை வாட்டும்போது பெருகி வெளிப்படும். பக்கத்து மாட்டுக்கும் தொற்றும். இக்கிருமி மண்ணில் நெடுநாள் வாழ்வதில்லை. ஆகவே உப்பங்கழி நீரையோ சேற்றையோ மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. கிருமியின் இருப்பிடம் மந்தைதான்.

காப்பின் கால அளவும் குறைவு. படிகாரம் சேர்த்த தடுப்பூசி நான்கு முதல் ஆறு மாதம் காக்கும். 1950-களில் பெயின் என்ற ஆய்வாளர் தென்கிழக்காசியாவில் உருவாக்கிய எண்ணெய்த் தடுப்பூசி ஏறத்தாழ ஓராண்டு வரை காத்தாலும், அதன் கெட்டித்தன்மையால் ஊசியில் ஏற்றுவதே கடினமாக இருந்தது. இந்திய நூல்கள் பலவும் ‘மழைக்கு முன், மே-ஜூன் மாதங்களில்’ போடச் சொல்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் நனையும் நிலங்களுக்கு அது சரி. மரக்காணத்தில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதம் போட்ட படிகார ஊசியின் வலு, கழுவெளி நிரம்பும் நவம்பரில் தேய்ந்துபோயிருக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இக்கரையைத் தாக்கியதை நினைத்தால், இந்த இடைவெளியின் ஆபத்து விளங்கும்.

அறிகுறிகள் விரைவில் முற்றும். திடீர்க் காய்ச்சல் 104 முதல் 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும், தீவனம் எடுக்காது, வாயில் எச்சில் ஒழுகும். தொண்டையும் தாடையடியும் சூடாக வீங்கி, மூச்சு கர்கரவென்று இழுக்கும். ஓரிரு நாளில், சிலவேளை சில மணி நேரத்திலேயே, உயிர் போகும். எருமைக்குக் கேடு இன்னும் அதிகம். காய்ச்சல் தொடங்கியதுமே ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் செலுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. மூச்சுத் திணறியபின் அரிது. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்தால் அது தொண்டை அடைப்பான் அன்று, ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அந்நோய் மனிதரையும் கொல்லும். அது மூளையுறையைத் தாக்கிய நோயாளிகளைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்துள்ளனர்.

2019-இல் தொடங்கிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் உரியது. தொண்டை அடைப்பான் அதில் இல்லை, அந்தப் பொறுப்பு மாநிலத்தின் கையில் உள்ளது. ஊசி போட்டபின் காப்பு உருவாக இரண்டு மூன்று வாரமாகும். ஆகவே இக்கரைக் கிராமங்களுக்கான முகாம்களைக் கால்நடைத்துறை ஆவணி மாதத்திலேயே நடத்தி முடிக்க வேண்டும். மாடு வளர்ப்போரும் புரட்டாசி வரை காத்திராமல் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.