கோட்டையை விட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள்

மாலையில் நம் வளாகத்தைச் சுற்றி நடப்பவர்களின் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் என்று எல்லாம் பேசித் தீர்த்தபின் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "ரிட்டையர் ஆனதும் எங்கேயாவது ஊர்ப்பக்கம் நாலு தென்னையோடு ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் சார்." செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் மனை பார்த்துவிட்டு வந்தவர்களும் நம்மிடையே உண்டு.

இந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கையில் காசு சேர்ந்தவர்கள் பட்டணத்தின் நெரிசல் தாங்காமல் நாட்டுப்புறம் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? நுங்கம்பாக்கத்துக்கு. எழும்பூருக்கு. அடையாற்றங்கரைக்கு.

அன்றைக்குப் பட்டணம் என்றால் 1640-ல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையும் அதன் பக்கத்தில் கறுப்பர் பட்டணமும்தான். மற்றதெல்லாம் வயலும் ஏரியும் பனந்தோப்புமாக இருந்த கிராமங்கள். எழும்பூரும் புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும் 1693-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி முதலியவை 1708-ல். கோட்டைக்குள் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டிருந்தது. புழுக்கம், நாற்றம், இரைச்சல். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். (உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அதனால் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் வெளியே நிலம் பிடித்து, நடுவில் வீடும் சுற்றிலும் தோட்டமுமாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். 'கார்டன் ஹவுஸ்' என்று அவர்கள் சொன்னதை நாம் தோட்ட வீடு என்கிறோம்.

ஆனால் ஆசை இருந்தால் போதுமா? வெளியே போக வழி வேண்டும், போன இடத்தில் உயிருக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். வழி ஓரளவு முன்பே வந்துவிட்டது. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம் அது. பயம்தான் தீரவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தார்கள். கவர்னரின் தோட்ட மாளிகையை இடித்தே போட்டார்கள். 1758 டிசம்பரில் மறுபடி வந்து முற்றுகையிட்டார்கள். 1767-ல் மைசூர்க் குதிரைப்படை தோட்ட வீடுகள் வரை வந்து கொள்ளையடித்துப் போனது. படையோடு வந்தவர் அப்போது பதின்ம வயதைத் தாண்டாத திப்பு. 1769-ல் ஹைதர் அலியே பட்டணத்தின் வாசலுக்கு வந்து நின்று கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். 1780-ல் அவர் மீண்டும் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தார்கள். ஒவ்வொரு முறையும் தோட்ட வீட்டுக்காரர்களுக்குப் புகலிடம், அவர்கள் சலித்துக்கொண்டு விட்டுப் போன அதே கோட்டைதான்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன்பின் இந்தப் பக்கம் குதிரைப்படை வரும் என்ற அச்சம் இல்லை. அந்த ஆண்டுகளில்தான் தோட்ட வீடுகள் மளமளவென்று பெருகின.

எவ்வளவு பெரிது என்று கேட்பீர்கள். கணக்காயராக இருந்த ஜார்ஜ் மௌப்ரே அடையாற்றங்கரையில் பிடித்த நிலம் 105 ஏக்கர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1,900 கிரவுண்டு. ஒரே வீட்டுக்கு! குவிமாடம் வைத்த அந்த வீடு இன்று மெட்ராஸ் கிளப். அவர் வீட்டுக்குப் போன பாதை மௌப்ரேஸ் சாலை, இப்போது டி.டி.கே. சாலை. இன்றைக்கு அதே சாலையில் நானூறு சதுர அடி யூடிஎஸ் வைத்திருப்பவர் நிமிர்ந்து நடக்கிறார், நடக்கட்டும்.

நுங்கம்பாக்கத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் பரந்த தோட்டம் போட்டார். பட்டுப்புழுவுக்கு மல்பெரி வளர்த்தார். சிவப்புச் சாயம் தரும் பூச்சிக்காகக் கள்ளி வளர்த்தார். பெரிய லாபம் எதுவும் வரவில்லை. ஆண்டர்சன் சாலை மட்டும் மிஞ்சியது. கல்லூரிச் சாலையில் டவ்டன் மாளிகை. 1916 முதல் அது மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. அடையாற்றில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-ல் பிரம்மஞான சபை வாங்கியது. அங்கே ஆலமரமும் மண்ணும் இன்னும் பிழைத்திருப்பதற்கு அந்தக் கைமாற்றமே காரணம் என்பேன்.

எல்லோருக்கும் அந்த வாழ்க்கை வாய்த்துவிடவில்லை. ஜேம்ஸ் பிராடி என்ற அதிகாரி 1790-களின் இறுதியில் அடையாற்றங்கரையில் கோட்டை போன்ற ஒரு வீட்டைக் கட்டினார். சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. எந்த ஆற்றின் காற்றுக்காக அங்கே போனாரோ அதே ஆற்றில் படகு விபத்தில் மூழ்கிப் போனார். பிராடி காசில் என்ற அந்த வீடுதான் பிற்காலத்தில் இசைக் கல்லூரி ஆனது.

சரி, இவர்கள் உண்மையில் நகரத்தை விட்டுப் போனார்களா? என் கணிப்பில் இல்லை. காலையில் பல்லக்கிலோ வண்டியிலோ ஏறிக் கோட்டைக்கு அலுவலகம் போனார்கள். வேலை முடிந்ததும் திரும்பினார்கள். தலைக்குமேல் பங்கா ஆட ஒருவர் கயிறு இழுக்க வேண்டும். வெயில் ஏறினால் வெட்டிவேர்த் தட்டிக்கு ஓயாமல் தண்ணீர் தெளிக்க ஒருவர். கிணற்றில் இறைக்க, தோட்டம் கொத்த, துணி வெளுக்க, குதிரை பார்க்க என்று ஆள்மேல் ஆள். இத்தனையையும் ஏற்பாடு செய்து கணக்கு வைக்க துபாஷ் ஒருவர். வீட்டுச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பளிங்குபோல் மின்னும்வரை தேய்த்தவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். நாட்டுப்புற அமைதி என்று அவர்கள் அனுபவித்தது, அந்த நாட்டுப்புறத்து மக்களின் உழைப்பு. மௌப்ரேயின் பெயர் சாலைக்கு வந்தது. அவருடைய பல்லக்கைத் தூக்கியவரின் பெயர் எதற்கும் வரவில்லை.

கவர்னர்களின் கதை இதைவிட வேடிக்கை. இடிபட்ட தோட்ட மாளிகைக்குப் பதிலாக 1753-ல் மதெய்ரோஸ் குடும்பத்திடமிருந்து சேப்பாக்கம் பக்கத்தில் ஒரு வீட்டைக் கம்பெனி வாங்கியது. அதுவே அரசினர் மாளிகை. எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்தபோது அதைப் பெரிதாக்கி, பக்கத்தில் 1802-ல் விருந்து மண்டபமும் கட்டினார். நம் ராஜாஜி மண்டபம். அதற்குள் அந்த இடமே பட்டணமாகிவிட்டது. ஆகவே 1820-களில் கவர்னருக்கு 'நாட்டுப்புற வீடு' என்று கிண்டி லாட்ஜை வாங்கினார்கள். அது இன்றைய ஆளுநர் மாளிகை. பிறகு அதுவும் போதவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஆண்டில் பல மாதங்கள் உதகையில் போய் உட்கார்ந்தது. கோட்டை, சேப்பாக்கம், கிண்டி, உதகை. அவர்கள் போகப் போக, சாலையும் கடையும் மனையும் பின்னாலேயே போயின. சேப்பாக்கத்து அரசினர் மாளிகையை நம் காலத்தில் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடித்தார்கள். அந்தப் புதிய கட்டடம் இப்போது ஓமந்தூரார் அரசு மருத்துவமனை.

தோட்டங்கள் மட்டும் தப்புமா? வெள்ளைக்கார அதிகாரிகள் விற்றதை ஜமீன்தார்களும் மயிலாப்பூர் வக்கீல்களும் வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள். பாகம் மனையானது, மனை பங்களாவானது, பங்களா நம்மைப் போன்றவர்களுக்கு அடுக்குமாடி ஆனது. கூடவே ஏரிகளும் போயின. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டுகிடந்த ஏரியில் ஒரு காலத்தில் படகுப் போட்டி நடந்தது. 1920-களில் மாம்பலம் பக்கம் அதைத் தூர்த்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. லேக் வியூ ரோட்டில் இன்று நின்று பார்த்தால் 'வியூ' எது என்று உங்களுக்கே தெரியும்.

செங்கல்பட்டுப் பக்கம் மனை பார்ப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம். அந்த மனைக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து ஊறுகிறது, மழைநீர் எந்தக் கால்வாய் வழியாகப் போகிறது என்று மட்டும் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்பவரின் வண்ணப் படத்தில் அது இருக்காது.

இன்னொன்று. உங்கள் வீட்டின் தாய்ப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். எல்லை விவரத்தில் ஏதாவது தோட்டத்தின் பெயரோ, ஏரிக்கரையோ, பழைய துரை ஒருவரின் பெயரோ தென்பட்டால் சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். அடுத்த இதழில் அந்தத் தோட்டத்தின் கதையைத் தேடிப் பார்க்கலாம்.