மூன்றாவது பிரதி

ஆலங்குடாவின் மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்தில் இருக்கிறது இந்த ஊர். டொல்பின் பார்க்கவும் அலைமேல் பட்டம் பிடித்துச் சறுக்கவும் வெளிநாட்டார் வந்து போகும் கரை இது. வடக்கே போனால் கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை. தெற்கே திரும்பினால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கொஞ்ச ஆட்களையும் கொஞ்சப் பணத்தையும் வைத்துக்கொண்டு பெரியதொன்றைக் காப்பது எப்படி என்ற கேள்வி இந்தக் கரையில் மூன்றரை நூற்றாண்டாக எழுந்துகொண்டே இருக்கிறது. இணையப் பாதுகாப்பு என்று இன்று அமைச்சுகளில் பேசப்படுவதும் அதே கேள்விதான்.

ஒல்லாந்தர் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1659இல் பறித்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டிலிருந்து பாக்கு இந்தியாவுக்குப் போனதும், துணி அங்கிருந்து வந்ததும் புத்தளம் களப்பின் வழியாகவும் நடந்தது. கரை முழுவதும் காவல் போட ஒல்லாந்த வணிகக் கம்பெனியிடம் ஆளில்லை. களப்பின் வாயில் கற்பிட்டியில் இருந்தது. அங்கே 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். ஒரு வாயிலைப் பிடித்ததால் முழுக் களப்பும் கைக்குள் வந்தது.

அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் இன்னொரு காவலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் உறுதியில் நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பம் வைக்க வேண்டும். ஒருவரை ஏமாற்றலாம், ஒருவரை விலைக்கு வாங்கலாம். மூன்று பேரை ஒரே அறையில் வைத்து அதைச் செய்வது கடினம். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. உறுதியின் மூலப்பிரதி காணிக்காரரிடம். இரண்டாவது பிரதி காணிப் பதிவகத்தில். மூன்றாவது நொத்தாரிசின் கோப்பில். ஒரே ஆவணம் மூன்று கைகளில், மூன்று கூரைகளின் கீழ்.

அந்த ஏற்பாட்டின் பெறுமதி இந்தப் பகுதி மக்களுக்கு 1990இல் தெரிய வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டுபோக விடவில்லை. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கினார்கள். ஆலங்குடாவும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஓலைக் கொட்டில்களால் நிறைந்தன.

வந்தவர்களில் பலரிடம் காணி உறுதி இல்லை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் குழந்தைகளைத் தூக்குவதா, பெட்டிக்கு அடியில் கிடக்கும் கடதாசிகளைத் தேடுவதா? கடதாசி இல்லாதவர்கள் பள்ளிக்கூட அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் வாக்காளர் பதிவுக்கும் ஒவ்வோர் அலுவலகமாக நிற்க நேர்ந்தது. பதிவகத்தில் பிரதி எஞ்சியிருந்தால் சான்றுப்படுத்திய நகல் கேட்டு வாங்க வழியிருந்தது. ஆனால் போரில் வடக்கின் பதிவு ஆவணங்களிலும் ஒரு பகுதி அழிந்தது; அந்த இடங்களில் பிரதியின் பாதையும் அடைபட்டது. தரவு இழப்பு என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே இந்த மக்கள் அதைத் தலைமுறைக் கணக்கில் அனுபவித்துவிட்டார்கள்.

கணினிக் காலத்துக்கு இலங்கை இந்தப் பாடங்களோடுதான் நுழைந்திருக்க வேண்டும். கணினிக் குற்றங்கள் சட்டம் 2007இல், 24ஆம் இலக்கமாக வந்தது. அதற்கு ஓராண்டு முன், 2006இல், இலங்கை கணினி அவசர தயார்நிலை அணி தொடங்கப்பட்டது. சுருக்கமாக இலங்கை சேர்ட். சிறிய அணி, முழு நாட்டுக்கும் பொறுப்பு. தன் கையில் இல்லாத பலத்தை அது கூட்டாளிகளிடம் தேடியது. உலக அவசர அணிகளின் மன்றத்திலும் ஆசிய பசிபிக் கூட்டமைப்பிலும் சேர்ந்தது. 2014இல் மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் சேர்ட்டும் கைகோத்து வங்கித் துறைக்கென ஒரு பொது அணியை உருவாக்கின. ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக நிபுணர்களைத் தேடி அலையும் செலவு இதனால் பகிரப்பட்டது. 2015இல் சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது. தெற்காசியாவில் அதைச் செய்த முதல் நாடு இதுவே.

அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்திருந்த திருடர்கள் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியாக நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். அதில் 81 மில்லியன் பிலிப்பைன்ஸ் வங்கிக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 20 மில்லியன் டொலர் கொழும்பிலுள்ள பான் ஏசியா வங்கிக்கு, ஒரு தொண்டு அமைப்பின் பெயரில் வந்தது. இலங்கை போன்ற ஒரு நாட்டில் அப்படியோர் அமைப்புக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று வங்கி அலுவலர் ஒருவர் ஐயப்பட்டு, பணம் வந்த வழியிலிருந்த டொய்ச் வங்கியிடம் விளக்கம் கேட்டார். அமைப்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததும் கண்ணில் பட்டது. அந்த 20 மில்லியனும் திரும்பிப் போனது.

பங்களாதேஷ் வங்கியின் வலையமைப்புக்கு ஃபயர்வோல் இருக்கவில்லை என்றும், 10 டொலர் பெறுமதியான பழைய சுவிட்ச்கள்தான் இணைப்பைத் தாங்கியிருந்தன என்றும் விசாரணையாளர்கள் பின்னர் தெரிவித்தார்கள். அங்கே கருவிக்குச் செலவிடத் தவறியது உண்மை. கொழும்பில் காப்பாற்றியதற்கு ஆன செலவு ஒரு விசாரிப்பு. 1840இன் சட்டம் உறுதிக்குக் கேட்ட இரண்டாவது சாட்சியை இங்கே ஒரு வங்கி அலுவலரின் சந்தேகம் ஈடுசெய்தது. அந்தச் சந்தேகத்தை எழுப்பியவரை, வாடிக்கையாளரை ஏன் காக்க வைத்தாய் என்று மேலதிகாரி கடிந்துகொள்ளாத அலுவலகத்தில்தான் அது நடக்கும். அதுவே தலைமையின் வேலை.

ஏழு ஆண்டு கழித்து அரசே தோற்ற கதை வருகிறது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையை ரான்சம்வெயார் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் திரும்பியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவில்லை. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மின்னஞ்சலை இயக்கியது 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் மென்பொருள். அதற்கான ஆதரவை நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் பணமின்மையாலும் முடிவுகள் தாமதித்ததாலும் தள்ளிப்போனதாக அதிகாரிகள் விளக்கினார்கள்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. பணமில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை ஒரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, கம்பியைக் கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வைப்பதற்கு டொலர் கையிருப்பு தேவையில்லை. கணினித் துறையில் இதற்கு 3-2-1 என்று ஒரு விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக். காணி உறுதிக்கு அதையொத்த ஒழுங்கை 1907இலேயே கட்டாயமாக்கிய நாட்டில், அரசின் மூன்று மாதக் கடிதங்கள் காணாமல் போனது வருத்தத்துக்குரியது.

பெரும் பணக்காரரும் இதிலிருந்து தப்பவில்லை. 2017 ஜூனில் நொட்பெட்யா நச்சுநிரல், உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க்கின் கணினிகளை முடக்கியது. பயனர்களின் அனுமதிகளைக் காக்கும் ஏறத்தாழ 150 முதன்மைக் கணினிகளும் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. அது கானாவில் இருந்தது. மின்வெட்டால் அந்நேரம் இணைப்பில் இல்லை. அந்தத் தரவை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு நைஜீரியா வழியாக இங்கிலாந்துக்குப் பறந்தார்கள். மேர்ஸ்க்குக்குத் தற்செயலாக வாய்த்ததை ஏழை நாடு திட்டமிட்டே செய்துகொள்ளலாம்.

எதை முதலில் காப்பது என்ற தெரிவும் தலைமைக்குரியதே. ஆலங்குடாவுக்குத் தெற்கே நுரைச்சோலையில் 300 மெகாவொட் இயந்திரங்கள் மூன்று ஓடுகின்றன; முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது. நுரைச்சோலை இயந்திரங்கள் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நடந்தது. அது சைபர் தாக்குதல் அல்ல. ஆனால் பாரம் எங்கே குவிந்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் காட்டியது. உக்ரைனில் 2015 டிசம்பர் 23இல் கணினி வழியாகவே மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். ஊழியர்கள் உபநிலையங்களுக்கு வண்டியில் போய்க் கையால் ஆளிகளைப் போட்டு சில மணித்தியாலங்களில் ஒளியை மீட்டார்கள். கையால் இயக்கத் தெரிந்த ஆட்களை வைத்திருப்பதும் ஒரு காவல்தான். நாடெங்கும் ஒரே அளவு காவலை மெல்லியதாகப் பரப்புவதைவிட, கற்பிட்டி வாயிலைப் போன்ற இடங்களில் அதைக் குவிப்பதுதான் சிறிய நாட்டால் முடியும்.

இப்போது இலங்கை, இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டையை உருவாக்குகிறது. அரச கட்டணங்களை இணையத்தில் செலுத்தும் கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கியது. கடதாசியைத் தொலைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இனிக் கணினிப் பதிவேடுகளில் வாழப்போகிறார்கள். கற்பிட்டிப் பிரதேச செயலகம் போன்ற ஓர் அலுவலகம் கொழும்பிலிருந்து பெரிய நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரதிக்குப் பொறுப்பான ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமிக்கலாம். அவர் வராத நாளில் செய்ய இன்னொருவரைப் பழக்கலாம். இணைப்பிலில்லாத பிரதியைப் புத்தளம் மாவட்டச் செயலகத்தில் வைக்கலாம். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்து, பதிவேட்டில் இருவர் கையொப்பமிடலாம்.