விலங்கறிவுப் படநூல்கள்

விலங்குகளின் உடலமைப்பு, உணவு, வாழிடம், வளர்ச்சி ஆகியவற்றைக் கற்பனை கலவாமல் படங்களுடன் விளக்கும் சிறுவர் நூல்கள். நீதிக்கதையில் நரி தந்திரம் பேசும். இந்நூல்களில் அது அலையாத்திக் காட்டில் நண்டு தேடும்.

தொடக்கம்: 1658இல் நியூரம்பெர்க்கில் கொமேனியஸ் வெளியிட்ட லத்தீன்–ஜெர்மன் படநூல் இவ்வகைக்கு முன்னோடி. அதில் பறவை, விலங்கு, மீன் படங்களுக்கு எண்ணிட்டு, பெயரும் விளக்கமும் தரப்பட்டன.

தஞ்சாவூர்: இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) பாதிரியார் சுவார்ட்ஸிடம் பயின்றவர். பள்ளிகளும் அச்சகமும் நிறுவிய அவர் பறவைகளையும் விலங்குகளையும் ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். அக்காலத் தமிழ்க் கல்வியில் விலங்குகள் பெரிதும் கதைமாந்தர்களாகவே வந்தன. 1826இல் வெளிவந்த தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் அதற்குச் சான்று.

தமிழில் வளர்ச்சி: தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதற்கு உயிரினக் கட்டுரைகள் எழுதியவர்களுள் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒருவர். காட்டில் நேரில் கண்டதை எழுதியதோடு, படங்களையும் தாமே வரைந்தவர் அவர். தொடர்ந்து 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக, வண்ணப் படங்களுடன் வந்தது. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ மாத இதழைத் தொடங்கியது. 1996இல் சென்னையில் தோன்றிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படநூல்கள் வெளியிட்டது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ (க்ரியா) மாணவர்கள் களத்துக்கு எடுத்துச் செல்லக்கூடியது.

அதிராம்பட்டினமும் வகுப்பறையும்: 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, பாக் விரிகுடாவின் 448 சதுர கி.மீ. பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இது இந்தியாவில் முதலாவது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு, கடற்புல் மேயும் பாலூட்டி. ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வளரும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு கன்றே ஈனும். இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆவதால், வலையில் சிக்கும் ஒவ்வொன்றையும் உயிருடன் கடலில் விடுவது இன்றியமையாதது.

இக்கரைப் பிள்ளைகளுக்கான படநூல் ஆவுளியாவைக் கடற்புல்லோடும் வலையோடும் சேர்த்துக் காட்டவேண்டும். உருவின் அளவு விளங்க, பக்கத்தில் ஒரு படகையும் வரையவேண்டும். ஊர்ப்பெயரும் பொதுப்பெயரும் இணைந்து நிற்கவேண்டும். அப்போதுதான் மாணவர் தம் வீட்டுப் பெரியவர்களின் கடலறிவைப் பாடத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும். பாதுகாப்பும் அரசாணையோடு நில்லாமல் ஊரின் பொறுப்பாகும்.