வாயிற்படியில் ஓர் உண்டியல்

வகுப்பிலே ஓர் ஐயம் எழுகிறது. மாணவன் எழுந்து நிற்கிறான். "கேள்வியா? முதலில் காசை மேசைமீது வை. விடை சொல்வதா, வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம்" என்கிறார் ஆசிரியர். அத்தகைய ஆசிரியரை என்னென்போம்! பள்ளிப்பணி புரியும் நாம் அவரைப் பள்ளியின் வாயிலுக்குள்ளேயே விடமாட்டோம். ஆனால், ஒரு நாடு அந்த ஆசிரியரின் முறையைச் சட்டமாகவே இயற்றிற்று. 11 ஆண்டுகள் நடத்தியும் காட்டிற்று. அயர்லாந்து அந்த நாடு.

அயர்லாந்து நமக்குப் புதிய பெயரன்று. நம்மைப் போலவே ஆங்கிலேயரின் ஆட்சியிலே அல்லலுற்ற நாடு. நம்மைப் போலவே, விடுதலைக்குப் பின்னும் அவர்கள் கற்றுக்கொடுத்த மறைக்கும் வித்தையை மறவாத நாடு. இங்கே ஆங்கிலேயர் 1923இல் இயற்றிய அலுவலக இரகசியச் சட்டம் நிலைத்தது. அங்கே 1963இல் தாமே ஓர் இரகசியச் சட்டத்தை இயற்றிக்கொண்டனர். கோலோச்சுவோர் மாறினர், கோப்பின்மீது தொங்கிய பூட்டு மாறவில்லை.

1997இல் அந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம் 1998 ஏப்ரல் 21இல் நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலகத்திலே உள்ள ஆவணத்தைக் காட்டு என்று எவரும் கேட்கலாம். கேட்பதற்குக் காசில்லை, தேடி எடுக்கும் உழைப்புக்கும் படியெடுக்கும் செலவுக்கும் மட்டுமே கட்டணம் உண்டு. மக்கள் கேட்டனர். நாளேடுகள் கேட்டன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெற்ற செலவுப்படிகளின் கணக்கை வெளியிட வேண்டும் என்று 1999இல் தகவல் ஆணையர் கெவின் மர்ஃபி முடிவு கூறினார். மக்களின் பணம் எங்கே போயிற்று என்பதை மக்களே படித்தறிந்தனர்.

ஆளுவோருக்கு இது இனிக்குமா?

அந்தச் சட்டத்திலே இன்னொரு பிரிவும் இருந்தது. அமைச்சரவை ஆவணங்கள் 5 ஆண்டுகள் மூடியிருக்கும், பிறகு திறக்கும். 1998 ஏப்ரலோடு 5 ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 2003 ஏப்ரல் வருகிறது. முதற்கதவு திறக்க வேண்டிய மாதம் அது. சரியாக அந்த மாதத்திலே, நாள் வருமுன்பே, திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று! பெர்ட்டி அகெர்ன் தலைமை அமைச்சர். சார்லி மெக்ரீவி நிதியமைச்சர். 5 ஆண்டு 10 ஆண்டாயிற்று. கேள்வி கேட்கவே முன்பணம் வாங்கும் அதிகாரமும் அதே திருத்தத்தின் வழியாக வந்தது. கதவைச் சாத்திய அதே கை, வாயிற்படியிலே உண்டியலையும் வைத்தது.

2003 சூலையில் கட்டணம் தொடங்கிற்று. கேட்க 15 யூரோ. மறுத்தால், அதே துறையிலே மேலதிகாரியிடம் மறுஆய்வு கோர 75 யூரோ. அவரும் மறுத்தால், தகவல் ஆணையரிடம் முறையிட 150 யூரோ. ஆக 240 யூரோ! ஏழைகளை மறந்துவிடவில்லை, இலவச மருத்துவ அட்டை பெற்றோருக்கு முதற்கட்டணம் 10 யூரோ என்று 'இரக்கம்' காட்டினர். ஊர்க்கடைகளிலே விலை மறுப்புக்குக் கிடையாது, பொருளுக்குத்தான் உண்டு. இங்கோ, மறுக்க மறுக்க விலை ஏறியது.

"செலவு ஆகிறதே, யார் ஈடுசெய்வது?" என்று கேட்டனர் ஆட்சியின் ஆதரவாளர்கள். நியாயமான வினாவாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அவர்கள் வகுத்த விதியையே உற்றுநோக்குவோம். தன்னைப் பற்றிய தகவலைக் கேட்பவனுக்கு அந்த 15 யூரோ கிடையாது. என் மருத்துவக் குறிப்பைக் கொடு என்றால் கட்டணமில்லை. மருத்துவமனைக்கு ஒதுக்கிய பணம் எவ்வாறு செலவாயிற்று என்றால் கட்டணம்! இரண்டுக்கும் அதே எழுத்தர்தானே எழுந்து சென்று கோப்பைத் தேடுகிறார்? அதே அலமாரி, அதே தூசு. அப்படியாயின் விலை வைக்கப்பட்டது உழைப்புக்கன்று. ஆட்சியைப் பற்றிய கேள்விக்கு.

விளைவு ஓராண்டுக்குள் தெரிந்தது. நாளேட்டுத் துறையிலிருந்து வந்து ஆணையர் பொறுப்பேற்ற எமிலி ஓ'ரெய்லி, 2004இல் ஆய்ந்து அறிக்கை தந்தார். மொத்த விண்ணப்பங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. தன்னைப் பற்றியதல்லாத, பொதுச்செய்தி கோரும் விண்ணப்பங்களோ 75 விழுக்காடு வீழ்ந்தன. நால்வர் கேட்ட இடத்திலே ஒருவர்! வருவாய்க்காக வைத்த உண்டியல் என்றால், காணிக்கை செலுத்துவோரையே விரட்டியடித்த உண்டியல் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். விரட்டுவதற்காகவே வைத்தது என்றால், நினைத்ததை நிறைவேற்றிற்று.

ஐரோப்பாவின் வடகோடியிலே வேறொரு மரபு உண்டு. 1766இல் சுவீடனிலே, ஆண்டர்சு சிடேனியசு என்ற பாதிரியாரின் முயற்சியால் அச்சுரிமைச் சட்டம் பிறந்தது. அரசின் ஆவணங்களைக் குடிமக்கள் காணும் உரிமையும் அதனுடன் பிறந்தது. இன்றும் அங்கே அலுவலகத்திலே அமர்ந்து ஆவணத்தைப் படிப்பதற்குக் காசில்லை. படி வேண்டுமெனில் முதல் 9 பக்கங்களுக்கும் இல்லை. அரசு திவாலாகிவிடவில்லை.

அயர்லாந்தில் 2013இல் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. ஆட்சி மாறியிருந்தது. அமைச்சர் பிரெண்டன் ஹவ்லின் புதிய சட்டம் கொண்டுவந்தார். ஒரே கடிதத்தில் பல பொருள்பற்றிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் என்ற திருத்தமும் அதனோடு வந்தது! நாடே எதிர்த்தெழுந்தது. அமைச்சர் பின்வாங்கினார், பின்வாங்கியதோடு நில்லாமல் 2014இல் அந்த 15 யூரோவையே நீக்கினார். மறுஆய்வுக் கட்டணம் 30 ஆயிற்று, முறையீட்டுக்கு 50. உண்டியல் வாயிற்படியிலிருந்து நகர்ந்தது, உள்கூடத்திலே நின்றுகொண்டது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அயர்லாந்து சட்டம் செய்த அதே 1997இல்தான் தமிழ்நாடும், இந்திய மாநிலங்களிலே முதலாவதாக, தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் செய்தது. விலக்குகள் மலிந்த சட்டம்தான், ஆயினும் முதற்சட்டம். இந்தியா முழுவதற்குமான சட்டம் 2005இல் வந்தது. நடுவண் அரசின் விதிப்படி விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமே இல்லை. குறித்த நாளுக்குள் விடை தராவிட்டால், பிறகு தருவதை இலவசமாகவே தரவேண்டும். இந்தக் கடைசிப் பிரிவை எழுதியவரின் கைக்கு நாம் ஒரு மோதிரம் போடுவோம்! ஆனால் எல்லா வாயிலிலும் 10 ரூபாய் நிற்கவில்லை. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் விதிகள் 500 ரூபாய் கேட்டன. நீதி வழங்கும் மன்றம், நீதிமன்றத்தைப் பற்றிக் கேட்பதற்கு வைத்த விலை அது! 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டு, 50 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என வரம்பு கட்டிற்று.

சென்ற ஆண்டு, நம் மாணவன் ஒருவனின் பாட்டனாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்பதே கேள்வி. வறியவர் என்பதற்குச் சான்று கையில் இல்லை. அதைப் பெறவே தனியாக அலைய வேண்டும். ஆகவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையே ஒட்டிவிடலாம் என்றோம். வில்லை நம் ஊரிலே கிடைக்காது. நகரத்துக்குப் பேருந்தேற வேண்டும். கிழவர் மடியை அவிழ்த்து நாணயங்களை எண்ணினார். வில்லைக்கு 10. போகவர 36. அன்றைய வேலை போயிற்று. "கேட்கிறதுக்கே இவ்வளவா தம்பி?" என்று நம்மைக் கேட்டார். வில்லையை நாமே வாங்கிவந்து ஒட்டினோம்.