பிள்ளைகளோடு கடற்கரைக்கு: வடக்கு கிழக்கில் விடுதி தெரிவுசெய்வதற்கு முன்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் முதலில் கேட்பது கடலைத்தான். புலம்பெயர்ந்த உறவுகளும் பேரப்பிள்ளைகளோடு நாலு நாள் ஒன்றாகத் தங்குவதற்கு ஓர் இடம் தேடுகின்றனர். விளம்பரப் படங்களில் எல்லா விடுதிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் கடல் எல்லா இடத்திலும், எல்லா மாதத்திலும் ஒன்றல்ல. போரைக் கடந்து வந்த எமது குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கின்றது. அந்த விடுதி யாருடைய காணியில் நிற்கின்றது, அதை நடத்துவது யார் என்பதே அது.

முதலில் மாதம்

கிழக்குக் கடல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பொதுவாக அமைதியாக இருக்கும். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் ஜனவரி வரை மழையும் கொந்தளிப்பும்தான். நத்தார் விடுமுறைக்கு ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவர்கள் பலர் இதை மறந்து திருகோணமலையில் அறை பதிவுசெய்து, மழையைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்க நேர்கின்றது. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருப்பது தென்மேற்குக் கரையில்தான். எனவே கிழக்கிற்குப் போவதென்றால் ஒகஸ்ட் விடுமுறையே பொருத்தமானது. அப்போது கச்சான் காற்றும் வெயிலும் கடுமையாக இருக்கும் என்பதால் சிறுவர்களைக் காலையிலும் மாலையிலும் மட்டும் நீரில் இறக்குவது நல்லது.

எந்தக் கரை யாருக்கு?

பாசிக்குடா: மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஆழம் குறைந்த விரிகுடா என்பதால் முழங்கால், இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இதைவிட ஏற்ற கரை கிழக்கில் அரிது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புப் புகையிரதத்தில் வருபவர்கள் வாழைச்சேனையில் இறங்கலாம்.

உப்புவெளி, நிலாவெளி: திருகோணமலைக்கு வடக்கே உள்ளவை. உப்புவெளி நகருக்கு அண்மையில் இருப்பதால் முதியவர்களோடு வருபவர்களுக்கு வைத்தியசாலையும் கடைகளும் கிட்ட. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே படகில்தான் போகவேண்டும். உயிர்காப்பு அங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவாக இருக்கின்றதா என்று ஏறுமுன் பாருங்கள். பவளப்பாறை காலை வெட்டும். மிதித்தால் பாறையும் அழியும்.

அறுகம்பை: அலைச்சறுக்கலுக்குப் பெயர்பெற்றது. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரி. தவழும் குழந்தைகளோடு போவதற்கு உகந்ததல்ல.

காரைநகர் கசூரினா: ஆழம் குறைந்த கடல். யாழ்ப்பாண நகரில் தங்கி, பகலில் போய்த் திரும்பலாம்.

முல்லைத்தீவு: திறந்த கடல். அலையும் நீரோட்டமும் வலியவை. பிள்ளைகளைக் குளிக்க விடுவதற்கு ஏற்ற இடமல்ல. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் மிதிவெடி அகற்றும் பணி நீண்டகாலம் நடந்த இடங்கள் உண்டு. சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டவோ, ஊர்மக்கள் புழங்காத பாதைகளில் இறங்கவோ வேண்டாம்.

விடுதி யாருடையது?

காங்கேசன்துறையில் உள்ள தல்செவன விடுதியை இராணுவம் நடத்துகின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் திரும்ப விடப்படாதிருந்த உயர்பாதுகாப்பு வலயப் பகுதி அது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள ஹமன்ஹீல் கடற்கோட்டையில் கடற்படையும், திருகோணமலையின் மாபிள் பீச்சில் விமானப்படையும் விடுதி நடத்துகின்றன. நந்திக்கடலோரத்திலும் 2012 இல் இராணுவம் விடுமுறை இல்லமொன்றைத் திறந்தது. பாசிக்குடாவில் போருக்குப் பின் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, மீனவர்கள் வள்ளம் ஏற்றிய கரை சுருங்கியது.

எங்கே தங்குவது என்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் முடிவு. ஆனால் தெரியாமல் போய்ச் சேருவது வேறு, தெரிந்து முடிவெடுப்பது வேறு. விடுதியின் பெயரை வைத்து நடத்துபவர் யாரென்று அறிய முடியாது. எந்தக் கணக்கிற்குப் பணம் செலுத்தச் சொல்கின்றார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊரவர் நடத்தும் சிறு விடுதிகளில் தங்கினால் செலுத்தும் பணம் அந்த ஊரிலேயே நிற்கும். அலையடிக்கும் கரை அரசுக்குரியது, எந்த விடுதிக்கும் சொந்தமல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவுசெய்யுமுன் தொலைபேசியில் கேட்கவேண்டியவை

• அந்த மாதத்தில் கடலில் இறங்கலாமா? உயிர்காப்பாளர் எத்தனை மணிவரை நிற்பார்?
• நீச்சல் தடாகத்தைச் சுற்றி வேலி உண்டா? சிறுவருக்குத் தனித் தடாகம் இருக்கின்றதா?
• சக்கர நாற்காலி அல்லது செயற்கைக் கால் உள்ளவருக்குக் கீழ்த்தள அறையும் சாய்வுப் பாதையும் கிடைக்குமா?
• கூறும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா? பிள்ளைகளுக்கு எவ்வளவு?
• இரவில் மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி உண்டா?
• சுனாமி எச்சரிக்கை வந்தால் எந்தப் பாதையால் வெளியேறுவது?

நீரோட்டம் ஒருவரை இழுத்தால் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவை குறைந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும்.

கடலைப் பார்க்க முடியாதவர்கள்

2004 டிசம்பர் 26 இலும் 2009 மே மாதத்திலும் கடலோரத்தில் உறவுகளை இழந்தவர்கள் பல வீடுகளில் இருக்கின்றனர். பேரப்பிள்ளைக்கு விளையாட்டாகத் தெரியும் அலைச்சத்தம் அம்மம்மாவை இரவு முழுவதும் தூங்கவிடாமல் செய்யலாம். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் சந்தோசத்திற்காகப் பேசாமல் வந்து இருப்பார்கள். ஆகவே திகதியும் இடமும் தீர்மானிப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். கடலிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள அறை, நகருக்குக் கிட்டிய விடுதி, அல்லது பகலில் மட்டும் போய்த் திரும்பும் பயணம் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். வர விரும்பவில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.