குளமாவு: அணை நீரில் ஒரு சோனார் ஆய்வுக்கூடம்

நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவிகளைச் சோதிக்க இந்தியக் கடற்படை ஆய்வுக்கு வாய்த்த ஏரி, கேரளத்தின் இடுக்கி நீர்த்தேக்கம். கோவில்பட்டிக் கரிசலுக்கு வடமேற்கே, மலைத்தொடரின் அந்தப்புறம் அது கிடக்கிறது. பெரியாற்றின் ஒரு பங்கை 1895இல் முல்லைப் பெரியாறு அணை கிழக்கே வைகைக்குத் திருப்பியது. மிச்ச நீர் இடுக்கிக்கு இறங்குகிறது. கரிசலுக்கு இரண்டிலும் பங்கில்லை.

குறவன், குறத்தி மலைகளுக்கு இடையிலான வளைவு அணை, செறுதோணி, குளமாவு என மூன்று அணைகள் சேர்ந்து சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீரைத் தேக்குகின்றன. 1976இல் மின்சாரத்துக்காகத் திறக்கப்பட்ட திட்டம் இது. பின்னாளில் குளமாவு முனையில் கொச்சியின் கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகம் தன் நீரடி ஒலியியல் நிலையத்தை அமைத்தது. 1952இல் கடற்படையின் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த ஆய்வகம் அது.

கடலை விட்டு மலைக்கு ஏறியதற்குக் காரணம் சத்தம். கடலில் அலையும் கப்பல் இயந்திரமும் மட்டுமல்ல, சொடுக்கு இறால்கூட ஓயாமல் இரைகிறது. ஏரியில் இந்த இரைச்சல் குறைவு. ஆழமும் வேண்டும்: ஆழமில்லாத நீரில் ஒலி தரையிலும் மேற்பரப்பிலும் பட்டு உடனே திரும்பி, நேராக வரும் ஒலியோடு கலந்துவிடும். கார்த்திகையில் பெருகிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் கண்மாய் இதற்கு உதவாது.

ஆழ்ந்த ஏரியை ஊராரோடு பகிர்வதில் அமெரிக்கா முந்திக்கொண்டது. ஐடஹோ மாநிலத்தின் பெண்ட் ஓரேய் ஏரி 350 மீட்டர் ஆழம்; 1942இல் அதன் கரையில் கடற்படைப் பயிற்சி முகாம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முகாம் போயிற்று, ஒலி ஆய்வு நிலைத்தது. பாய்மரப் படகோட்டிகள் உலவும் அதே நீரில் 'கொக்கனி', 'கட்த்ரோட்' என்ற ஆளில்லா நீர்மூழ்கி மாதிரிகள் ஓடின. இரண்டும் மீன்களின் பெயர்கள். பொழுதுபோக்குப் படகுகளின் மோட்டார் அடங்கும் இரவுதான் சோதனைக்குத் தோதான வேளை.

இடுக்கியிலும் சுற்றுலாப் படகுகள் உண்டு. அவை செறுதோணிப் பக்கம், குளமாவு மறுகோடி. இங்கே 2024 ஏப்ரல் 17 அன்று 'ஸ்பேஸ்' என்ற மிதவைத் தளம் திறக்கப்பட்டது. சென்னையில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் நிறுவனம் உருவாக்கிய இத்தளத்திலிருந்து, கருவிகள் பொருத்திய இன்னொரு மேடையை விஞ்ச் மூலம் 100 மீட்டர் ஆழம் வரை இறக்கலாம். கப்பல், நீர்மூழ்கி, ஹெலிகாப்டர் மூன்றுக்குமான சோனார்கள் இங்கே மதிப்பிடப்படுகின்றன.

மலைக்கு இந்தப்புறம் தென்மாவட்டங்களின் வறண்ட சமவெளியும் நீர்மூழ்கிகளுக்கு உதவுகிறது, தண்ணீர் இல்லாமலே. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய கடற்படை நிலையம், மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளால் கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதற்கு வைத்த பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1799இல் கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் பெயர்.